கண்டியிலிருந்து கெல்வின் வரை: மட்டாஞ்சேரியில் ஒரு மோல் நாள்

இன்று அக்டோபர் 23. வேதியியல் படித்தவர்களுக்கு இது ‘மோல் நாள்’. ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கையை எழுதும்போது 6.02 என்று தொடங்கிப் பத்தின் அடுக்காக 23 என்று முடிக்கிறோம். அதை நினைவூட்டவே பத்தாம் மாதத்தின் 23ஆம் நாளைத் தேர்ந்து, காலை 6.02 மணி முதல் மாலை 6.02 மணி வரை கொண்டாடுகிறார்கள். கல்லூரிகளில் இந்நாளின் சிறப்புக் காட்சி பெரும்பாலும் திரவ நைட்ரஜன்தான். குடுவையைச் சாய்த்ததும் வெண்புகை தரையில் படர்கிறது, உறைந்த வாழைப்பழத்தால் ஆணி அறைகிறார்கள், மாணவர்கள் கைதட்டுகிறார்கள்.

அலகையும் கடுங்குளிரையும் ஒரே மேடையில் நிறுத்தும் இந்த வழக்கத்துக்கு ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு. அதை எழுதத் தூண்டியது ஆய்வகம் அன்று. மட்டாஞ்சேரியின் பஜார் சாலை.

அளவைகளின் வரலாற்றைத் தேடிக் கொச்சிக்கு வந்துபோகிறவள் நான். சென்ற முறை வந்தபோது மிளகுக் கடை ஒன்றில் முதிய வணிகர் ஒருவர் சாக்கிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைப் பல்லால் கடித்தார். “வெள்ளம் கூடுதலாணு, மோளே” என்றார். ஈரம் அதிகம் என்று பொருள். “எவ்வளவு அதிகம், இக்கா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த மின்னணுத் தராசைக் காட்டி, அது எடையை மட்டும்தான் சொல்லும் என்றார்.

அந்தப் பதிலில் ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

போர்த்துக்கீசியர் 1500ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சிக்கு வந்தனர். மிளகு வாங்க வந்தவர்களுக்கு விலைக்கு முன்னால் நின்ற சிக்கல் எடை. அந்தோனியோ நூனெஷ் என்பவர் 1554இல் இந்தியத் துறைமுகங்களின் எடைகளையும் அளவுகளையும் நாணயங்களையும் தொகுத்துத் தனி நூலே எழுதினார். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வேறு பாரம், வேறு உட்பிரிவு என்றிருந்ததால்தான் அப்படியொரு கையேடு தேவைப்பட்டது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1795 வரை இங்கே ஆண்டனர். அவர்களும் மிளகைக் கண்டிக் கணக்கில் வாங்கினர்.

கண்டி என்பது தென்னிந்தியக் கடற்கரையின் பெரிய எடை. ஏறத்தாழ 500 ராத்தல் என்று பொதுவாகச் சொல்லலாம். ‘ஏறத்தாழ’ என்ற அந்தச் சொல்லில்தான் வணிகத்தின் சூதும் கண்ணீரும் அடங்கியிருந்தன. ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு கண்டி மாறியது. ஆங்கிலேயர் காலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தில் 8 வீசை ஒரு மணங்கு. அது 25 ராத்தல், அதாவது 11.34 கிலோ. பம்பாய் மணங்கு 28 ராத்தல், 12.70 கிலோ. வங்காள மணங்கோ 82 ராத்தலுக்கும் மேல், 37.32 கிலோ. மூன்றுக்கும் பெயர் ஒன்று. அளவு தெரிந்தவன் பெரும்பாலும் வாங்குபவன். தெரியாதவன் மலையிலிருந்து மிளகைச் சுமந்து இறங்கியவன்.

பழைய அலகுகள் எல்லாம் முதலில் பொருள்களாக இருந்தவை. பொன் நிறுக்கக் குன்றிமணியும் மஞ்சாடியும் பயன்பட்டன. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இந்த விதைகள் தம்முள் பெரிதும் ஒத்த எடை உடையவை, கிடைப்பதும் எளிது. யாருடைய வேலியிலும் காய்க்கும் விதையை அரசன் தனதென்று பூட்டி வைக்க முடியாது. அலகு பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தேர்விலேயே இருக்கிறது. ஆனால் விதை காய்ந்தால் எடை குறையும். ஒரு மரத்தின் விதைபோல் இன்னொன்று இராது. பொன்னுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை, கப்பல் நிறையச் சரக்குக்குப் பெருகிவிடும்.

பாரிஸில் 1875 மே 20 அன்று 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன் வழியே பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்று உலகின் கிலோகிராம் ஆயிற்று. இந்தியா 1956இல் எடை அளவுத் தரச் சட்டத்தை இயற்றியது. கேரள மாநிலம் உருவானதும் அதே ஆண்டுதான். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகச் சந்தைகளுக்குள் நுழைந்தன. அந்தப் பிளாட்டின உருளையின் 57ஆம் எண் படி, டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இந்தியாவின் கிலோகிராமாகக் காக்கப்படுகிறது. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957இல் தொடங்கிற்று. அங்கே ஏலக் குரல்கள் ஒலித்த அந்த ஆண்டுகளில்தான், தெருவின் தராசுத் தட்டுகளில் கண்டிக்கும் துலாமுக்கும் பதிலாகக் கிலோவும் குவின்டாலும் ஏறின.

இனி அந்த முதியவரின் பதிலுக்கு வருகிறேன். தராசு எடையை மட்டுமே சொல்லும். எதனுடைய எடை என்று அது சொல்லாது. மிளகின் எடையில் நீரும் சேர்ந்திருக்கிறது. ஈரம் 11 சதவீதம் என்று ஒப்பந்தம் இருக்கையில், ஓர் உழவர் 14 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மிளகைக் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். அதில் உலர்பொருள் 86 கிலோ. அதையே 11 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 96.6 கிலோ ஆகும். எனவே கழிக்க வேண்டியது 3.4 கிலோ. வாங்குபவர் கடித்துப் பார்த்து 6 கிலோ கழித்தால் உழவர் ஏமாற்றப்படுகிறார். ஒன்றும் கழிக்காவிட்டால் வாங்குபவர் ஏமாறுகிறார். தராசு இரு தரப்புக்கும் உதவாத இடம் இது.

உதவியது வேதியியல். நறுமணப் பொருளை வெறுமனே சூடாக்கி எடைக் குறைவைப் பார்த்தால் நீரோடு மண எண்ணெயும் ஆவியாகி, ஈரத்தைக் கூட்டிக் காட்டும். அதனால் டொலுயீன் என்ற கரிமத் திரவத்தோடு சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். நீராவியும் டொலுயீன் ஆவியும் சேர்ந்து எழுந்து, குளிர்ந்து, அளவுகோடிட்ட குழாயில் வடிகின்றன. மண எண்ணெய் டொலுயீனில் கரைந்துவிடுகிறது. நீர் கரையாமல் அடியில் தனியே நிற்கிறது. அதன் கன அளவை யார் வேண்டுமானாலும் கண்ணால் படித்துக்கொள்ளலாம். கடித்துச் சொன்ன தீர்ப்பு இங்கே இருவரும் காணும் ஒரு கோடாக மாறுகிறது. அந்த முதியவரின் பல்லைக் குறைத்துச் சொல்லவில்லை; அது தேர்ந்த கருவிதான். ஆனால் அது அவரோடு மட்டுமே இருக்கும் கருவி.

மிளகுக்குள் இன்னும் ஆழமாகப் போகலாம். அதன் காரத்துக்குக் காரணமான பிப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். அடுத்த ஆண்டே, மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்தவரும் அவரே. காந்தப்புலச் செறிவின் அலகு ஒன்றுக்கு ‘ஓர்ஸ்டெட்’ என்று பெயர் வைத்தார்கள். தரங்கம்பாடி அப்போது அவருடைய நாட்டின் ஆட்சியில் இருந்தது என்பதைத் தமிழ் மாணவர்கள் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். பிப்பரினின் மோலார் நிறை ஏறத்தாழ 285 கிராம். 50 மில்லிகிராம் எடையுள்ள ஒரு மிளகில் பிப்பரின் 5 சதவீதம் என்று வைத்தால் 2.5 மில்லிகிராம். அதில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 5-ஐ எழுதிப் பதினெட்டுச் சுழியங்களை இட்டால் கிடைக்கும் எண்ணை ஒட்டியது. எடையை எண்ணிக்கையாக மாற்றும் பாலம்தான் மோல். குன்றிமணியை எண்ணிப் பொன்னை நிறுத்த பழைய கணக்கின் தொடர்ச்சி அது. இங்கே ‘விதை’ அணு. ஓர் அணு, அதே வகை இன்னோர் அணுவிலிருந்து வேறுபடாது.

இதுவரை எடை. இனிக் குளிர். அதை அளப்பது எடையை அளப்பதைவிடக் கடினமாக இருந்தது; குளிருக்குத் தராசு இல்லை.

குளிரின் முதல் அலகுகளும் பொருள்களாகவே பிறந்தன. ஃபாரன்ஹீட் 1724இல் தம் அளவுகோலின் சுழியமாக வைத்தது, பனிக்கட்டி, நீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிர்ச்சியை. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு நவச்சாரம் பழகிய உப்பு. உப்பு கரையும்போது சுற்றிலுமிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பது இந்தியாவில் அதற்கு முன்பே வழக்கில் இருந்த அறிவு. வெடியுப்பு கரைந்த நீரைக் கொண்டு குடிநீரைக் குளிர்விப்பதை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட அயினி அக்பரி குறிப்பிடுகிறது. ஆயினும் வெப்ப நாடுகளில் பனிக்கட்டி நெடுங்காலம் இறக்குமதிச் சரக்கு. பாஸ்டனின் ஃபிரெடரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவில் இறங்கியது. சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்துக்காகக் கட்டப்பட்டதே. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கொச்சியின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கிருந்து குளிர் ஏற்றுமதியாயிற்று. உறைய வைத்த இறால் 1953இல் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மிளகுத் துறைமுகம் இறால் துறைமுகமும் ஆயிற்று. உறைந்த உணவுப் பெட்டிகளின் மேல் ‘−18 டிகிரி செல்சியஸில் வைக்கவும்’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் 15 அன்று, 20 அன்று, 18? ஃபாரன்ஹீட்டின் சுழியத்தைச் செல்சியஸில் எழுதினால் −17.8. முழு எண்ணை நாடி அமெரிக்கர் வைத்த 0 டிகிரி ஃபாரன்ஹீட்டே நம்மிடம் −18 ஆக வந்து சேர்ந்தது. நவச்சாரக் கலவையின் நிழல் இன்றும் இறால் பெட்டிமேல் விழுகிறது.

இந்தக் குளிரைத் தாண்டிக் கீழே செல்லும்போது வெப்பமானியே கைவிடுகிறது. பாதரசம் −39இல் உறைகிறது. எத்தில் ஆல்கஹால் −114இல். உறைந்த திரவம் எதைக் காட்டும்? எஞ்சியது வாயு. மூடிய கலத்தில் உள்ள வாயுவைக் குளிர்வித்தால் அதன் அழுத்தம் சீராகக் குறைகிறது. எல்லா வாயுக்களின் கோடுகளும் −273-ஐ ஒட்டிய ஒரே புள்ளியை நோக்கிச் செல்கின்றன. எந்தப் பொருளையும் சாராத அந்தச் சுழியத்திலிருந்து வெப்பநிலையை எண்ணலாம் என்று, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1848இல் முன்வைத்தார். வாயுவின் அழுத்தமோ இரண்டைச் சார்ந்தது: கலத்தில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன, அவை எவ்வளவு வெப்பமாக உள்ளன. முதலாவது மோல், இரண்டாவது கெல்வின். அலகும் கடுங்குளிரும் ஒரே மேடைக்கு உரியவை என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இந்தச் சமன்பாடே.

அந்த அளவுகோலின் படிகளில் அறிஞர் ஒவ்வொருவராக இறங்கினர். போலந்தின் கிராக்கோவில் ரோப்லெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும் 1883இல் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் திரவமாக்கினர். லண்டனில் ஜேம்ஸ் டூவர் 1892இல் வெற்றிடச் சுவர்க் குடுவையை உருவாக்கி, 1898இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். நம் வீட்டுப் பிளாஸ்க் அதன் வழித்தோன்றல். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளைக் கால்நடை மருந்தகங்களில் காக்கும் நைட்ரஜன் கலனும் அவ்வாறே. இறுதியாக, 1908 ஜூலை 10 அன்று லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் திரவ ஹீலியத்தைக் கண்டார். வெப்பநிலை 4 கெல்வினை ஒட்டியது. அளவிடுதலே அறிவுக்கு வழி என்பதைத் தம் ஆய்வகத்தின் கொள்கையாக வைத்திருந்தவர் அவர்.

கடுங்குளிர் மீண்டும் மிளகிடம் வந்தது. அரவை எந்திரத்தில் உராய்வால் வெப்பம் ஏறும்போது மிளகின் மண எண்ணெய் பறந்துவிடுகிறது. −196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்தி அரைத்தால் மிளகு கண்ணாடிபோல் நொறுங்குகிறது, மணம் தங்குகிறது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இம்முறையை மிளகில் ஆராய்ந்திருக்கிறது. கல்லூரி மேடையில் வாழைப்பழத்தை ஆணி அறைய வைக்கும் அதே நொறுங்கும் தன்மைதான் இது.

மட்டாஞ்சேரியிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு நடந்து, கழிமுகத்தின் மறுகரையைப் பாருங்கள். வைப்பின் தீவின் தென்முனையில் புதுவைப்பு. அங்கே 2013இல் இயங்கத் தொடங்கிய பெட்ரோநெட் முனையத்துக்கு −162 டிகிரியில், அதாவது 111 கெல்வினில், இயற்கை வாயு திரவமாக வந்து இறங்குகிறது. ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கொள்திறன். ஏன் இவ்வளவு குளிர்விக்க வேண்டும்? மோல் கணக்கே விடை தரும். ஒரு மோல் மீத்தேன் 16 கிராம். அறை வெப்பநிலையில் வாயுவாக அது ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை அடைக்கிறது. திரவமாக அதன் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.42 கிராம், எனவே 38 மில்லிலிட்டர். அறுநூறு கப்பல் சரக்கு ஒரு கப்பலில் அடங்கிவிடுகிறது.

இந்தச் சரக்குக்கு விலை பேசும் அலகு எது? கிலோவும் அன்று, கன மீட்டரும் அன்று, ஜூலும் அன்று. உலகச் சந்தையில் அது ‘பத்து இலட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு’. ஒரு ராத்தல் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே அந்த அலகு. 1950களில் பஜார் சாலையிலிருந்து வெளியேற்றிய ராத்தல், நீரிணையின் மறுகரையில் 111 கெல்வின் திரவத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. கண்டியும் மறையவில்லை. கோவையிலும் திருப்பூரிலும் பஞ்சு விலையைக் ‘கேண்டி’க்கு இவ்வளவு என்றே இன்றும் சொல்கிறோம்; 356 கிலோ என்று அடைப்புக்குறிக்குள் விளக்குகிறோம். அது 28 பம்பாய் மணங்கு. அலகு அறிவியலால் மட்டும் மாறுவதில்லை. சந்தையில் யார் சொல் செல்லுகிறதோ அவர் அலகு செல்லும்.

இது வெறும் வரலாற்றுச் சுவை அன்று என்பதை 2021 நமக்குக் காட்டியது. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றிய செய்திகளை நினைவுகூருங்கள். ஆலை டன்னில் பேசியது, லாரி கிலோலிட்டரில், சிலிண்டர் கன மீட்டரில், படுக்கையின் அருகில் செவிலியர் நிமிடத்துக்கு லிட்டரில். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர் வாயு. −183 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாகிறது. ஆக 17 லிட்டர் திரவம். எடையில் 19 கிலோ. ஒரு டன் வந்தால் ஐம்பது நோயாளிகளுக்கு ஒரு நாள், சேதாரம் இல்லாவிட்டால். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட மோல் கணக்கு, அந்த வாரங்களில் எத்தனை படுக்கைக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்காயிற்று.

2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உருளையையும் சாரவில்லை. பிளாங்க் மாறிலியின் நிலைநிறுத்திய மதிப்பால் வரையறுக்கப்படுகிறது. மோலுக்கு அவோகாட்ரோ எண், கெல்வினுக்கு போல்ட்ஸ்மான் மாறிலி. எந்த அரசனிடமும், எந்த நகரத்தின் பெட்டகத்திலும் அந்த அலகுகள் பூட்டப்பட்டிருக்கவில்லை. குன்றிமணியைத் தேர்ந்தவர்கள் நாடிய பொதுமை இப்போதுதான் முழுமை பெற்றது. ஆனால் மட்டாஞ்சேரி வணிகரின் தராசு முன்னால் நிற்கும் உழவருக்கு அந்தப் பொதுமை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை; ஈரம் அளக்கும் கருவி அவர் கையிலும் இருக்கும் நாளில்தான் வரும். வேதியியலைக் கொண்டாடுவோர் அந்த இடைவெளியையும் பாடமாக நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆசிரியர்களுக்கு இரண்டு சொற்கள். குடுவையிலிருந்து எழும் வெண்புகை நைட்ரஜன் அன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து திரண்ட துளிகள். நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். 10 லிட்டரைக் கொட்டினால் 7 கன மீட்டர். கதவடைத்த சிறு அறையில் அது மூச்சுக் காற்றை இடம்பெயர்த்துவிடும். சன்னல்களைத் திறந்துவைத்து, இந்தக் கணக்கை முதலில் கரும்பலகையில் போட்டுவிட்டுக் காட்சியைத் தொடங்குங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய வீசைக்கல் கிடந்தால் எடுத்து நிறுத்துப் பாருங்கள். சென்னை மாகாணக் கணக்கில் ஒரு வீசை ஏறத்தாழ 1,417 கிராம். உங்கள் கல் எவ்வளவு காட்டுகிறது, எந்த ஊரில் எந்தச் சரக்கை நிறுத்தது என்று பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எனக்கு எழுதுங்கள். கூடினாலும் குறைந்தாலும், அந்த வேறுபாட்டில் ஒரு சந்தையின் வரலாறு இருக்கும்.